பெர்கனில் மழை விடக் காத்திருப்பதில்லை

நாகர்கோவிலில் வளர்ந்தவனுக்கு மழை புதிதில்லை. ஆனால் நம் ஊரில் மழை பிடித்தால் எங்காவது ஒதுங்கி நிற்போம், விட்டதும் கிளம்புவோம். நார்வேயின் பெர்கனில் இந்தக் கணக்கு எடுபடாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 85 நாள் ஒருநாள் விடாமல் பெய்ததாம்.

ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சோறு போட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இப்போது பெர்கனில் இருக்கிறது. இலையுதிர்கால விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏறக்குறைய ஏழு மணி நேர ரயில். வழியில் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தில் பனி கிடந்தது. பெர்கனில் இறங்கினால் மழை, மறுநாள் காலையிலும் அதே மழை.

ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "மழை விடும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் இங்க கடைக்கும் போக ஏலாது, தம்பி."

அண்ணி என் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் சாத்திவிட்டார். "இந்தக் காத்துக்குக் குடை நிக்காது. அண்ணாவின்ர உடுப்பைப் போடுங்கோ." உள்ளே கம்பளி பனியன், மேலே மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. நார்வேக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் சம்பளத்தில் கம்பளி உள்ளாடை வாங்குங்கள், டிவி அப்புறம் வாங்கலாம். பஸ் நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் கம்பி பிதுங்கிய குடைகள் தலைகீழாகக் கிடந்தன. அண்ணி சொன்னது சரிதான்.

மழையில் பார்ப்பதற்கென்றே கட்டியது போலிருந்தது துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கன். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். முகப்பில் வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக மரவீடுகள். இடையில் புகுந்தால் பலகை பாவிய ஒடுங்கிய சந்துகள். நனைந்த மரத்தின் வாசனை மூக்கில் ஏறுகிறது. மாடிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரிச் சாய்ந்து நிற்பதால் பாதி மழை நம்மேல் விழுவதே இல்லை. ஹன்சா என்ற அந்தக்கால வணிகக் கூட்டமைப்பின் ஜெர்மன் வியாபாரிகள் நானூறு வருஷம் போல இங்கே கடை விரித்திருந்தார்கள். வடக்கே லொஃபோடன் தீவுகளிலிருந்து காய்ந்த காட் மீன் வரும், பதிலுக்குத் தானியம் போகும். உப்பே போடாமல் குளிர்காற்றில் காய்கிற கருவாடு அது. உப்பில்லாத கருவாடா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊர்ப் பக்கம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1702இல் எல்லாம் எரிந்து, பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டினார்கள். தீக்குப் பயந்து இந்த வீடுகளில் அடுப்பு மூட்டவே விடமாட்டார்களாம். சமையலுக்கும் குளிர்காயவும் பின்பக்கம் தனிக் கூடங்கள். இந்தக் குளிரில் நெருப்பில்லாமல் தூங்கிய கடைப் பையன்களை நினைத்ததும் மழைச்சட்டையின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

1955இல் மறுபடி ஒரு தீ. எரிந்த இடத்தைத் தோண்டியபோது ரூன் என்ற பழங்கால வடஐரோப்பிய எழுத்து செதுக்கிய மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதில் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: "வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் கீதா." ஆமாம், கிட்டத்தட்ட நம்ம கீதா மாதிரியே ஒரு பெயர். அண்ணனிடம் சொன்னேன். "அப்பவும் இதே கதைதானோ!" என்று சிரித்தார்.

ஃப்ளோயன் மலைக்கு 1918இலிருந்து ஓடும் இழுவை ரயிலிலும் ஏறினோம். 320 மீட்டர் உயரத்தில் நின்று ஊர் முழுவதையும் பார்க்கலாம் என்பார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேகம். ஆனால் அங்கிருந்த விளையாட்டுத் திடலில் மழை உடுப்புப் போட்ட பிள்ளைகள் சேற்றில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் பிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியோடு பக்கத்தில் நிற்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. ஊரில் நனைந்ததற்காக வாங்கிய அடி எனக்கு ஞாபகம் வந்தது.

இரவு பாணும் சம்பலும் சாப்பிடும்போது அண்ணி சொன்னார், "அடுத்தமுறை மே மாசம் வாங்கோ, மழை குறைவு." வருகிறேன் என்றேன். இருந்தாலும் ஒஸ்லோ ரயில் ஏறுமுன் சொந்தமாக ஒரு மழைக்கால்சட்டை வாங்கிக்கொண்டேன்.