மீனுக்குச் சிவப்பு தெரியாது

"தம்பி, அது நம்மளப் பாக்குது" என்றார் வலை போடும் அண்ணன். "பாக்காதுண்ணே, மீனுக்குச் சிவப்பு தெரியாது" என்றேன் நான். அவ்வளவுதான் பேச்சு. ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் பண்ணை. ராத்திரி இரண்டரை மணி, நாலு மணிக்கு வண்டி, அதற்குள் 200 ஒராண்டா, கோல்டு ஃபிஷ்ஷில் ஒரு வகை, கவரில் ஏறணும். ட்யூப்லைட் போட்டால் மீன் மிரளும் என்று சிவப்பு பல்பு மாட்டச் சொன்னது நான்தான். கடலில் சிவப்பு வெளிச்சம் மேல்தண்ணியிலேயே அணைந்துவிடும், அதனால் ஆழத்து மீன் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்தது சரிதான். அதைக் கொண்டுவந்து கோல்டு ஃபிஷ் தலையில் கட்டினதுதான் தப்பு.

குளத்துத் தண்ணி வேறு. சேறு, பாசி, அழுகின இலைச்சாறு எல்லாம் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும், மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும். நன்னீர் மீன் பலவற்றின் கண்ணும் அதற்கேற்பச் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நம் கண்ணில் சிவப்பைப் பிடிக்கும் கூம்பு செல்லுக்கு 560 நானோமீட்டர் சுமாரில் உச்சம் என்றால் கோல்டு ஃபிஷ்ஷுக்கு 625, எண் ஏற ஏறச் சிவப்புப் பக்கம். போதாததற்குப் புற ஊதாவையும் சேர்த்து நாலு வகைக் கூம்பு, நமக்கு மூன்றுதான். இதெல்லாம் அப்புறம் தேடிப் படித்தது. படிக்காமலே தெரிந்திருக்கணும் என்பதுதான் உறுத்தல், ஏனென்றால் தீனி போடும் சிவப்பு மக்கை எடுத்தாலே தொட்டி மொத்தமும் மேலே வரும், தினமும் பார்ப்பேன்.

மக்கைப் பார்த்து வந்ததா, ஆளைப் பார்த்து வந்ததா என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். மீன் பார்ப்பது நிறத்தைத்தானா என்று சோதிக்க, கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற விலங்கியல் ஆராய்ச்சியாளர் முதல் உலகப்போருக்கு முன்னாலேயே மின்னோ என்ற சின்ன நன்னீர் மீன்களைத் தீனி காட்டிப் பழக்கி, நிறத்தையும் வெறும் வெளிச்ச அளவையும் அவை பிரித்தறிகின்றன என்று காட்டினார். மீனுக்கு நிறமே தெரியாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் மியூனிக்கின் பெரிய கண் டாக்டர் கார்ல் ஃபான் ஹெஸ். எனக்கு ஏனோ அந்த டாக்டர் மேல்தான் பாசம்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "வாசல் லைட்ட மட்டும் போட்டு அரை மணி விடுங்க, அப்புறம் உள்ளே லைட் போடலாம்." மீனுக்கு இமை கிடையாது, பெரும்பாலானவற்றுக்குக் கண்மணி சுருங்கவும் சுருங்காது. விழித்திரைக்குள்ளே செல்களும் கருநிறமியும் இடம் மாறித்தான் வெளிச்சத்துக்குப் பழகணும், அதற்கு அரை மணி, ஒரு மணி ஆகும். அவர் அந்த அரை மணியைத்தான் கேட்டார். நேரமில்லை என்றேன். உண்மையிலேயே நேரமில்லை.

வலை வரும் பக்கமெல்லாம் மீன் விலகியது. அவரும் வேகமாக இழுக்க வேண்டியதாயிற்று. பாதி வேலையில் முதலாளி உள்ளே வந்து "என்னய்யா இருட்டுல" என்று நாலு ட்யூப்லைட்டையும் ஒரே தட்டாகத் தட்டினார். கண்ணாடியில் சடசடவென்று மோதின சத்தம், ஆலங்கட்டி மழை மாதிரி. அண்ணன் புறங்கையில் ஆரஞ்சுச் செதில்கள் ஜிகினா போல ஒட்டியிருந்தன. வலைக்குள் கிடந்த ஒன்றின் வால், முடிச்சில் சிக்கி நீளவாக்கில் இரண்டாகக் கிழிந்திருந்தது.

32 மீன் ஆகாமல் போனது. "யாருய்யா வலை போட்டது?" என்றார் முதலாளி. "அண்ணன் கொஞ்சம் வேகமா இழுத்துட்டாருங்க" என்றேன்.

பொய்யில்லை, வேகமாகத்தான் இழுத்தார். லைட்டைத் தட்டினது நீங்கதான் என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? பல்பு மாட்டச் சொன்னது நான் என்று சொல்லியிருக்கலாம், அது மட்டும் வாயில் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கையைத் தொட்டித் தண்ணியில் அலசினார், செதில்கள் மிதந்தன. அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை, மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். அதுவே காரணமாகவும் இருக்கலாம். பல்பு இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த ட்யூப்லைட்டுக்கு அத்தனை மீனும் முட்டியிருக்கும், அதுவும் நிஜம். பல்பைப் பற்றி இவ்வளவு படித்ததே அந்த ஒரு பதிலைச் சுற்றிப் போகத்தானோ என்று சில நாள் தோன்றுகிறது.

இப்போது வேறு பண்ணை. வாசல் லைட், அரை மணி, அப்புறம்தான் உள்ளே. ஏன் என்று புதுப் பையன்கள் கேட்டால் 560, 625 எல்லாம் சொல்வேன், டாக்டர் ஹெஸ்ஸையும் சொல்வேன். முதலாளி கேட்ட கேள்வி வரைக்கும் போவதற்குள் டீ வந்துவிடுகிறது.