காலடியில் எரியும் நெருப்பு

வரிசையில் நின்ற என் காலுக்குப் பக்கத்திலேயே, தரை மட்டத்தில், ஓக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. முழங்கால் வரை அனல்.

டெக்சஸ், லாக்ஹார்ட். ஸ்மிட்டீஸ் மார்க்கெட் என்ற பார்பிக்யூ கடை; பார்பிக்யூ என்றால் இங்கே புகையில் வாட்டிய இறைச்சி. ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். புகையேறிய சுவர்கள் அடுப்பங்கரைக் கூரையைப் போலக் கறுத்திருக்கின்றன.

பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, எடைபோட்டுத் தாளில் பொதிந்து தந்தார்கள். தட்டு கிடையாது. தாளைப் பிரித்தால் அதுவே தட்டு. நாவில் முதலில் மிளகு, பிறகு கொழுப்பு, கடைசியில் புகை.

அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்தும் செக் மண்ணிலிருந்தும் குடியேறிய கசாப்புக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையில் வாட்டி, கடையிலிருந்த தாளிலேயே சுற்றி விற்றார்கள். கூலியாட்கள் அங்கேயே நின்று கையால் தின்றார்கள். வீணாகக்கூடாது என்ற கவலையில் பிறந்த உணவு இது! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆஸ்டினில் பிராங்க்ளின் என்ற பார்பிக்யூ கடை 11 மணிக்குத் திறக்கும். விடியும்போதே வரிசை தொடங்கிவிடும். டெக்சஸிலேயே லெக்சிங்டனில் உள்ள ஸ்னோஸ் கடை சனிக்கிழமை காலையில் மட்டும்தான். இரண்டுமே காத்திருக்கத் தகுந்தவை.

ஆனாலும் முதல்முறை வருகிறவர்களை நான் லாக்ஹார்ட்டுக்குத்தான் அனுப்புவேன். மதியத்துக்குள் போய்விடுங்கள். தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான்.