18 அடி பைபர் படகுக்குக் கூரை: முதலில் பின்பலகை

மட்டக்களப்பு வாவியில் குடும்பமாக ஓடித்திரிய ஒரு சின்னக் கூரைப்படகு. பழைய 18 அடி பைபர் உடல், 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், முன்பக்கம் இரண்டு பேர் படுக்கும் அறை. கல்லடிப் பக்க வளவொன்றில் வேலை நடக்கிறது. அறையைத்தான் முதலில் கட்ட ஆசை வரும். ஆனால் எஞ்சின் தொங்கும் பின்பலகை உளுத்திருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண். 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின், அலையில் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்தப் பலகையைத்தான் பிடித்து இழுக்கிறது.

பைபர் தோல் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே மரம் இற்றிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கிவிடும். உறுதிப்படுத்த, உள்பக்கம் அடியோடு ஒட்டி 5 மி.மீ. துளை போட வேண்டும். கபில நிறத்தில் ஈரத்தூள் வந்தால் பலகை போய்விட்டது. எஞ்சின் போல்ட் துளையும் தண்ணீர் வடியும் துளையும் பூசப்படாமல் வெறும் மரமாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வெளித்தோலைத் தொடவில்லை. உள்தோலைச் சுற்றிவர 5 செ.மீ. விளிம்பு விட்டு வெட்டி, இற்ற மரத்தை உளியால் சுரண்டி எடுத்தாயிற்று. இதைக் கச்சான் வீசும் ஜூன், ஜூலையில் செய்வதுதான் சரி. மாரியில் மரமும் காயாது, பைபர் இழையை ஒட்டி இறுகும் திரவமான றெசினும் ஒட்டாது. புதிய பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு, நடுவே றெசினில் நனைத்த மெட் (கண்ணாடி இழைப் பாய்) ஒரு படை. தோல்களோடு சேர்த்து 4.5 செ.மீ. அளவில் தடிப்பு வரும். விளிம்புகளுக்குத்தான் முதலில் றெசின் குடிக்கக் கொடுக்க வேண்டும், தண்ணீர் ஏறுவது அந்த வழியால்.

பலகை 1.5 மீற்றர் அகலம், 55 செ.மீ. உயரம். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மெட்டில் ஒரு படைக்குச் சுமார் 370 கிராம் போகும், நான்கு படைக்கு ஒன்றரைக் கிலோ. றெசின் அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மூன்றரைக் கிலோ. மூலைகளுக்கும் ஒட்டுக்கும் வேறாக வைத்திருக்க வேண்டும். உடலும் பலகையும் சந்திக்கும் மூலையை றெசினும் டல்க் பவுடரும் குழைத்த களியால் வளைவாக நிரப்பி, மெட்டை உடலின் மேல் 10 செ.மீ. வரை ஏற்றினோம். கூர்மூலையில் மெட் படியாது, அடியில் காற்று நிற்கும், பிறகு அங்கேதான் வெடிக்கும்.

நம் வெயிலுக்கு, றெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் 1 வீதம் போதும்: அரைக் கிலோ றெசினுக்கு 5 மில்லிலீற்றர். 2 வீதம் போட்டால் வாளிக்குள்ளேயே சூடேறி இறுகும், 1 வீதத்துக்குக் கீழே போனால் முழுதாக இறுகவே மாட்டாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனிப்போத்தலில் வந்தால் அதை றெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். இந்த ஒரு விடயத்தில் அவசரமே கூடாது.

போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, றெசினால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவுக்கு மறுபடி துளைத்து, பொலியுறித்தேன் பசையோடு 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் பூட்டியாயிற்று. எஞ்சினின் விசிறிக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு நேராக, அல்லது ஓர் அங்குலம் வரை கீழே நிற்க வேண்டும். உயர்ந்தால் விசிறி காற்றைப் பிடித்து வெறுமனே சுழலும். தாழ்ந்தால் வாவியின் ஆழமில்லாத இடங்களில் சேற்றை வாரும். சேறும் மணலும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் இறப்பர்ச் சக்கரத்தை) தின்றுவிடும். அதை வருடம் ஒரு தடவை மாற்றுவது செலவல்ல, எஞ்சினைக் காப்பாற்றும் வழி. ஆற்றுவாழைக்குள் ஓடினால் எஞ்சினைக் குளிர்வித்த நீர் வெளியேறும் தாரையில் எப்போதும் ஒரு கண் வேண்டும். வாவித் தண்ணீர் உப்பும் நன்னீரும் கலந்தது என்பதால் எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் அரிப்புத் தகடு அலுமினியத்தில்.

பற்றரி முன்னுக்குப் போகிறது. எஞ்சின், பெற்றோல் தாங்கி, பற்றரி மூன்றும் பின்னால் இருந்தால் பின்பக்கம் அமிழ்ந்து அணியம் தூக்கும், முன்னே வலை போட்டிருப்பது தெரியாது. அதற்குக் கொடுக்கும் விலை, பின்னால் எஞ்சின் வரை போகும் நீளமான வயர். போக வர 6 மீற்றரில் 100 அம்பியர் ஓடினால் 16 சதுர மி.மீ. வயரில் 0.65 வோல்ற்று இழப்பு, 35இல் 0.3. அதனால் 35. ஆனால் பெற்றோல் தாங்கி அறைக்குள் வரவே கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும்.

அடுத்தது அறை. 6 மி.மீ. பிளைவுட்டின் மேல் ஒரு படை மெட், உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் மட்டும். அதற்கு மேல் உயர்த்தினால் கச்சான் காற்றில் படகு பக்கவாட்டில் ஒதுங்கும், திரும்பும்போது சாயும். கூரைக் கம்பியை நடுமுன் வலையிறவு, மண்முனைப் பாலங்களின் கீழ் உள்ள இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும், அதுவும் மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும் மட்டத்திலிருந்து.