'பேசவும்' என்று எழுதிய கோப்பு

ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையின் நகலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டு, "வருஷம் முழுக்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே சார்?" என்று என் பிரிவின் உதவியாளர் கேட்டார். "வெரி குட்தான் போட்டிருக்கேன், புரமோஷனுக்கு ஒரு தடையும் வராதும்மா" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டது பதவி உயர்வைப் பற்றியும் இல்லை.

நான் அளித்தது பத்துக்கு 7.2. முந்தைய அதிகாரி 9 அளித்திருந்தார். எல்லோருக்கும் 9 போட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பேது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் தாமதமாகப் போவதாக நான் எழுதிய குறையையும் கோப்புகளே காட்டும். சொல்லவில்லை என்பதும் முழு உண்மையல்ல. கோப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்பினேன், வந்தார், பேசினோம். ஆனால் நான் அவருடைய வேலைமுறையைப் பற்றிப் பேசுவதாக நினைத்திருக்க, அவர் அந்த ஒரு கோப்பைப் பற்றிய பேச்சாகவே அதை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஒரு காலத்தில் சி.ஆர். (இந்த மதிப்பீட்டு அறிக்கையின் அன்றைய பெயர்) என்றாலே இரகசியம், பாதகமான குறிப்பு மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கப்படும். தமக்குத் தெரிவிக்கப்படாத 'நன்று' என்ற தரமே பதவி உயர்வுக்குத் தடையானதை எதிர்த்து, எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் தொடுத்த வழக்கில், எல்லாக் குறிப்புகளும் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசு, முழு அறிக்கையையும் காட்டி, முறையீட்டுக்கு 15 நாள் அவகாசமும் தர ஆணையிட்டது. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும், எண் தெரியாத காலத்தில் தேநீர்க் கடையில் அதிகாரியைத் திட்டித் தீர்த்துவிட்டு நாங்கள் நிம்மதியாக வேலை பார்த்தோம் என்றும் தோன்றுகிறது. வயதானவரின் பழம்பெருமை என்று இதைத் தள்ளிவிடலாம்.

அவர் முறையீடு செய்யவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் இப்போது நாள் தவறாமல் போகின்றன. அந்த அளவில் என் குறிப்பு பலித்தது. ஆனால் "இதை இப்படிச் செய்யலாமா சார்?" என்று தாமாகவே வரைவுடன் வந்து நிற்பவர், இப்போது கேட்டதை மட்டும் செய்து தருகிறார். அடுத்த அறிக்கைக்கான படிவத்தில் முன்முயற்சிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எண்ணைக் குறைத்தால் என் அறிக்கையின் விளைவுக்கு அவரைத் தண்டிப்பதாகும்; குறைக்காவிட்டால் நான் கண்டதை எழுதாததாகும். ஜூன் 30-க்குள் அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் அழைத்துப் பேசிவிடலாம் என்றிருக்கிறேன். கையில் எந்தக் கோப்பும் இல்லாமல் எதிலிருந்து தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை.