மூன்று சென்ட் கொல்லை: ஆடி முதல் தை வரை

2024 ஜூலை 7
திண்டுக்கல் பக்கத்துச் செம்மண். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் காய்கறி போட மூன்று சென்ட் தாராளம். பத்து சென்ட்டில் இறங்கினால் ஐப்பசியில் களை ஜெயித்துவிடும்.

எதைப் போடக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. தக்காளிக்குக் கம்பு நட்டுக் கட்ட வேண்டும், இலைச்சுருட்டு வரும், காய்ப்புழு வரும். இவ்வளவும் பார்த்துக் காய் பறிக்கிற வாரம் பார்த்து ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை சரிந்து கிடக்கும். வாங்கிக்கொள்ளலாம். கோஸும் காலிபிளவரும் இந்தச் சூட்டுக்கு ஆகாது. மிச்சம் இருப்பவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, சுரை, பீர்க்கு, அவரை, கீரை, முருங்கை. இவை தானாக வளரும், நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

கத்தரிக்கு மட்டும் நாற்று வேண்டும். இன்று ஒரு பழைய பாண்டுச் சட்டியில் முப்பது விதை தூவியாயிற்று. நடப்போவது ஆறு செடிதான். மீதி, போகும் நாற்றுக்கு ஈடு.

2024 ஜூலை 21
வேலி. பூச்சியால் போன தோட்டத்தைவிட ஆட்டாலும் கோழியாலும் போன தோட்டமே அதிகம். ஆடாதோடைக் குச்சியும் நொச்சிக் குச்சியும் ஒரு முழ நீளத்தில் வெட்டி, அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் மழை பிடித்ததும் துளிர்க்கும். ஆடு தொடாத இலை என்பதால்தானே ஆடாதோடை என்றே பேர். துளிர் அடர்த்தியாகும்வரை முன்னால் கருவேல முள் அடைத்து வைக்க வேண்டும். கோழிக்கு அடியில் இரண்டடி உயரம் பழைய மீன்வலை. மயிலுக்கு நம்மிடம் வைத்தியம் இல்லை. விதைத்த இடத்தில் பனையோலை போட்டு மூடுவதுதான்.

முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, ஒன்று, மூன்றரை அடி, கைமணிக்கட்டுப் பருமன். ஓரடி ஆழத்தில் ஊன்றி, மேல்முனையில் சாணி அப்பியாயிற்று. போத்துக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் அடி அழுகும். வாரத்துக்கு ஒரு செம்பு போதும்.

2024 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
விதைப்பு. கொடிகளுக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி பத்து நாளுக்கு முன்பே எடுத்து ஆறவிட்டது. மேல்மண்ணோடு இரண்டு சட்டி மக்கிய தொழுவுரம், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடி, குழிக்கு ஐந்து விதை. சுரைக்கு ஒரு குழி, பீர்க்குக்கு ஒன்று, வேலியோரம் அவரைக்கு இரண்டு. எரு மக்கியதா என்று கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். சூடு இருந்தாலோ சாணி வாடை அடித்தாலோ வேர் வெந்துபோகும்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒன்று, ஓர் அங்குல ஆழம். இருபது செடிக்கு மேல் வேண்டாம். அடுத்த இருபதை மூன்று வாரம் கழித்துப் போட்டால் காய் தொடர்ந்து வரும். ரகம் அர்கா அனாமிகா, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. மஞ்சள் நரம்பு நோயை ஓரளவு தாங்கும். கொத்தவரைக்கு அரையடி இடைவெளி போதும், இருபத்தைந்து செடி.

2024 ஆகஸ்ட் 10
கீரை. கடுகளவும் இல்லாத விதையைக் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், முளைக்கவில்லை என்று விதைக்காரர்மேல் பழி விழும். மணலோடு ஒரு பிடி அரிசி நொய்யும் கலந்துவிட்டால் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் வேரோடு பறிப்பது. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வேலையைப் பார்த்தால் அரைக்கீரைதான் சரி.

கத்தரி நாற்றும் இன்று மாலை நட்டாயிற்று, இரண்டடிக்கு ஒன்று.

2024 ஆகஸ்ட் 25
இந்தத் தோட்டத்தில் உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால் அது இன்றைய வேலை. குழிக்கு இரண்டு செடி விட்டு மற்றதைக் கலைத்தாயிற்று. பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து வரும். பிறகு களையைச் சுரண்டி, தண்ணீர் விட்டு, ஈரம் இருக்கும்போதே மண்ணை மறைத்து மூடாக்கு. கடலைத்தோல், காய்ந்த வேப்பிலை, கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அது, நாலு அங்குலக் கனம். இரண்டு அங்குலம் போட்டால் கோரை குத்திக்கொண்டு வந்துவிடும். காய்ந்த மண்மேல் போட்டாலோ ஈரத்துக்குப் பதில் கரையானைத்தான் வளர்க்கும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுவது கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

தினம் ஊற்றின தண்ணீர் இனி நாலு நாளுக்கு ஒருமுறை.

துணி துவைக்கும் கல்லிலிருந்து வரும் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பியிருக்கிறது. கீரைப் பாத்திக்கு அது வேண்டாம்.

2024 செப்டம்பர் 21
முதல் வெண்டை. இனி ஒன்றுவிட்ட நாள் பறித்தே ஆக வேண்டும். நுனி ஒடித்துப் பார்த்து, 'டக்'கென்று ஒடிந்தால் காய், வளைந்தால் நார். முற்றிய ஒரு காயைச் செடியில் விட்டால் செடி விதையில் கவனத்தை வைத்துப் பூவைக் குறைத்துவிடும். மறந்துபோன காயையும் பறித்து மாட்டுக்காவது போட வேண்டும். இரண்டு செடியில் இலை நரம்பு மஞ்சளாகியிருந்தது. மருந்தெல்லாம் இல்லை, வேரோடு பிடுங்கியாயிற்று. வெள்ளை ஈ ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும் நோய் அது.

2024 செப்டம்பர் 29
சுரைக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டது. பெண்பூ அதிகம் வருவது பக்கக் கிளையில். முதல் பத்து நாள் ஆண்பூவாகவே பூத்து உதிர்வதைப் பார்த்து உரம் போடப் போகிறவர்கள் உண்டு, அது இயல்பு. பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. சுரை மலர்வது அந்தியில், எனவே காலையில் வந்து தொட்டுப் பயனில்லை. மாலை ஆறு மணிக்கு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மூன்று நாலு தடவை தடவ வேண்டும். பீர்க்கும் சாயங்காலப் பூதான். நாலரை மணிக்கு மேல் பந்தல் முழுக்க மஞ்சள்.

பீர்க்குப் பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் புள்ளி, அதில் பிசின் கசிவு. பழ ஈ. பொறி வாங்கும்போது ஏமாறும் இடம் இது. பொறிக்குள் ஈயை இழுக்கும் மருந்தில் மாமரத்துக்கு வைப்பது மெத்தில் யூஜினால். கொடிக்காய்க்கு வேண்டியது க்யூ லூர். மாற்றி வைத்தால் பொறி சும்மா தொங்கும். குத்துப்பட்ட காயை எருக்குழியில் போடக் கூடாது, புழு மண்ணில் இறங்கிக் கூடாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் நாலு நாள்.

2024 அக்டோபர் 13
வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பாத்தியைச் சுற்றி மண்ணை அள்ளி அரையடி மேடாக்கி, தாழ்ந்த மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால். கத்தரி வேர் தொடர்ந்து தண்ணீரில் நின்றால் போய்விடும். வெண்டை முதல் வரிசையை வெட்டி அதே இடத்தில் மூடாக்காகப் போட்டாயிற்று.

2024 நவம்பர் 3
மழை. வேலை இல்லை. மூடாக்கில் நத்தை, சாயங்காலம் ஓர் ஈரச் சாக்கை விரித்து வைத்தால் காலையில் அடியில் கூடியிருக்கும்.

2024 நவம்பர் 24
கத்தரியில் நுனி தொங்குகிறது. தண்ணீர்ப் பஞ்சம் என்று தோன்றும், ஆனால் ஈர மண்ணில் ஒரு நுனி மட்டும் தொங்கினால் உள்ளே புழு. தொங்கும் இடத்துக்கு ஓரங்குலம் கீழே ஒடித்துப் பிளந்தால் வெளிறிய புழு நெளியும். வாரம் ஒருமுறை இப்படி ஒடித்து எரித்தால் காய்க்குள் இறங்குவது குறையும். மிச்சத்தை நறுக்கும்போது ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2024 டிசம்பர் 15
அவரை இப்போதுதான் பூக்கிறது. பகல் குறைந்தால்தான் பூக்கும் கொடி இது. தையில் போட்டு விட்டு இலையாகவே போகிறது என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை. பூங்கொத்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாய் அப்பியிருக்கிறது. சலித்த அடுப்புச் சாம்பலைப் பனி காயுமுன் தூவ வேண்டும், ஈரத்தில்தான் ஒட்டும். அதிகம் அப்பிய கொத்தைக் கிள்ளி எறிவது இன்னும் சுலபம்.

2025 ஜனவரி 19
விதை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, நம்பி எடுக்கலாம். வெண்டையில் ஓரளவு கலப்பு வரும். சுரையில் பக்கத்து வீட்டுக் கொடி வேறு ரகமாக இருந்தால் அடுத்த வருஷம் காய் எந்த உருவத்தில் வரும் என்று சொல்ல முடியாது. விதைச் சுரையைக் கொடியிலேயே விட்டு, காம்பு காய்ந்து, குலுக்கினால் உள்ளே சலசலக்கும்போது பறிக்க வேண்டும். விதைக்கான வெண்டைக்காய் வெடிக்குமுன் துணியால் கட்டிவைத்திருக்கிறது. எல்லாவற்றையும் மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, அவரையோடு மட்டும் சாம்பல் கலந்து, வாய்மூடிய பாட்டிலில், தேதி எழுதி.