பழைய எம்எக்ஸ்-5-க்கு பிரேக் வேலை: பேடு கடைசி, ஆயில் முதல்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற அதே வண்டி, 1989-இல் வந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஒவ்வொன்றிலும் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் ஒற்றை பிஸ்டன் காலிப்பர். இவ்வளவு லேசான வண்டியை நிறுத்த ரேஸ் பேடு தேவையில்லை. இருந்தும் பிரேக் சரியில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது விலையுயர்ந்த பேடைத்தான். பெரும்பாலும் கோளாறு வேறெங்கோ இருக்கும்: பழைய ஆயில், உள்ளே உப்பிப்போன ஹோஸ், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப்போனது.

எது கெட்டிருக்கிறது என்பதைப் பெடலே சொல்லிவிடும். மலையிறக்கத்தில் பெடல் திடீரென்று தரைவரை போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று பொருள். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் காலின் அழுத்தம் காலிப்பரைப் போய்ச் சேராது. பெடல் கல்லைப்போல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேடு சூடு தாங்காமல் பிடிப்பை இழந்திருக்கிறது. முதல் கோளாறுக்குப் பேடை மாற்றினால் பணம் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது எண்ணெய் இல்லை. பாட்டிலில் போட்டிருக்கும் தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டப்பாவின் மூடி வழியாகவும் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தர அளவின்படி புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பாட்டிலில் பெரிதாக அச்சடித்திருப்பது உலர்ந்த நிலை எண். நாம் பார்க்க வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் ஈர எண். வண்டி ஓடுவது அதில்தானே.

மாஸ்டா சொன்னது டாட் 3. சாலையில் ஓட்டுபவர் நல்ல டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஆட்டே டிப் 200 நல்ல தேர்வு: புதிதில் 280, ஈர நிலையில் சுமார் 198. டிராக்குக்குப் போகிறவர் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போடலாம், உலர்ந்த நிலையில் 312. ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈர நிலையிலும் 270-ஐத் தாங்கும். விலையைக் கேட்டால் கை பின்வாங்கும். டாட் 5.1-இன் பெரிய சிறப்பு குளிரில் தண்ணீர்போல் ஓடுவது. நொடிக்குப் பலமுறை ஏபிஎஸ் வால்வு திறந்து மூடும் புதிய வண்டிகளுக்கு அது உதவும். முப்பது வருட ரோட்ஸ்டருக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

டாட் 5 மட்டும் தனி ஜாதி. ஊதா நிறம், சிலிக்கோன். எண்ணில் 5.1-க்குப் பக்கத்தில் இருப்பதால் குழம்பி வாங்கிவிடுகிறார்கள். இது ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டைக் கெடுக்காது. அதனால் காட்சிக்கு நிறுத்தி வைக்கும் வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே வரும் நீர் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில், அதாவது காலிப்பரில், துளியாகத் தங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். பெடலும் கொஞ்சம் பஞ்சுபோல் இருக்கும். கிளைக்கால் ஆயிலோடு கலக்கவே கூடாது, ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஊற்றவும் கூடாது. ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம்.

ஒரு முறை முழுக்க மாற்ற 1 லிட்டர் தாராளம். ஒரே லிட்டர் பாட்டிலைவிட இரண்டு அரை லிட்டர் வாங்குவது நல்லது, ஏனென்றால் திறந்து வைத்த மிச்சம் அலமாரியில் இருந்தபடியே ஈரம் குடித்துவிடும். முதலில் டப்பாவிலிருக்கும் கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள பின் சக்கரத்தில் தொடங்கி, மற்ற பின் சக்கரம், பிறகு தொலைவான முன் சக்கரம், கடைசியில் அருகிலுள்ளது என்று ஏர் எடுத்துக்கொண்டு, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றிக்கொண்டு, வாருங்கள். காலிப்பரிலுள்ள நிப்பிளைத் திறக்கும்போது பெடல் கீழே போகட்டும், மூடியபின்தான் மேலே வர வேண்டும். டப்பா காலியாக விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய வண்டியில் ஏர் எடுப்பவர்கள் தவறவிடும் ஒன்று: பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல் இத்தனை வருடமும் துளையின் முன்பாதியில் மட்டுமே நகர்ந்திருக்கும். அதற்கப்பால் துரு படிந்திருக்கலாம். முழுக்க மிதித்தால் சீலின் உதடு அந்தத் துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் ஏர் எடுத்த மறுநாள் கசிகிறதே என்று வியப்பவர்களின் கதை இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள்.

சிந்திய ஆயிலைத் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்டைத் தின்றுவிடும்.

ஹோஸ் இன்னும் கம்பெனியில் போட்டதுதான் என்றால் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பேடு டிஸ்க்கைப் பிடித்தபடியே இருக்கும். ஹோஸைக் கழற்றினால் செம்பு வாஷர்களும் புதியவையாக இருக்கட்டும்.

இனி பேடு. வாங்குமுன் டிஸ்க்கை அளந்து பாருங்கள். 1.6 லிட்டர் வண்டிகளின் முன் டிஸ்க் 235 மி.மீ., 1.8 வந்தபின் 255 மி.மீ. இரண்டுக்கும் பேடு வேறு. 1.8 வந்த பிறகும் சில நாடுகளில் 1.6 விற்றார்கள், பழைய வண்டிகளில் பிரேக்கை மாற்றிப் போட்டவர்களும் உண்டு. ஆகவே வருடத்தை நம்பி வாங்காதீர்கள்.

பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. சாலைக்கு எஃப்எஃப் போதும். முதலாவது எஃப், இரண்டாவது இ என்றிருந்தால் சூடேறினால் பிடிப்பு குறையும் என்று அர்த்தம். இது ஆய்வகத்தில் ஒரு சிறு துண்டை வைத்துப் பார்த்த கணக்குதான், பேடின் முழு ஜாதகம் இல்லை.

முழு ரேஸ் பேடு சூடேறினால்தான் வேலை செய்யும். லேசான வண்டி அதைச் சாலையில் சூடேற்றவே செய்யாது. காலையில் முதல் சிக்னலில் மிதிக்கும்போதுதான் அது தெரியவரும். கூடவே டிஸ்க்கையும் அராவித் தின்னும். சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் ஒரே பேடு வேண்டுமென்றால் ஃபெரோடோ டிஎஸ் 2500 போன்ற இடைப்பட்ட ரகம் பொருந்தும். கொஞ்சம் கீச்சிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே ரகமாக இருக்கட்டும். பின்னால் மட்டும் கடுமையான பேடு போட்டால் ஈரச்சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

கையேடு 1 மி.மீ. வரை தேயலாம் என்கிறது. என் கணக்கில் 3 மி.மீ. வந்ததும் மாற்ற வேண்டும். மெலிந்த பேடு சூட்டைத் தடுக்காமல் நேரே ஆயிலுக்கு அனுப்பிவிடும்.

பின் காலிப்பரில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஹேண்ட் பிரேக் இயக்கம் அதற்குள்ளேயே இருப்பதால் கிளாம்ப் வைத்து பிஸ்டனை அமுக்கினால் உள்ளே உடையும். மற்ற வண்டிகளைப்போல் முகப்பில் வைத்துத் திருகும் கருவியும் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காலிப்பரின் பின்புறம் உள்ள சிறிய மூடி போல்ட்டைக் கழற்றுங்கள். உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். புதிய பேடைப் பொருத்தியபின் கடிகாரத் திசையில் பேடு டிஸ்க்கைத் தொடும்வரை திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். இதைச் செய்யாமல் கேபிளை இழுத்துக் கட்டி ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய முயல்வது வீண்.

ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் உப்பி பின் இறுகும், பிறகு ஒரு பேடு தேய்ந்து மற்றது புதிதாகவே இருக்கும். தூசியை ஊதித் தள்ளாதீர்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

வேலை முடிந்து வண்டியை நகர்த்துமுன் பெடல் உறுதியாகும்வரை மிதியுங்கள். பிறகு புதிய பேடு டிஸ்க்கோடு பழக, காலியான சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாக மிதித்துக் குறைத்து, அடுத்த பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். பின்னாளில் ஸ்டியரிங்கிலும் பெடலிலும் தெரியும் நடுக்கத்தைப் பார்த்து டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது இந்தப் படிவுதான்.

மறுநாள் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் காலிப்பரை மறுபடி கழற்ற வேண்டும்.