அலகைக் கட்டக் கூடாது

கிருஷ்ணகிரி அணைக்கு நான் போவதே வறுத்த ஜிலேபி மீனுக்காகத்தான். போன மார்கழியில் அங்கே ஒரு வேலமரக் கிளையில் மடையான் ஒன்று தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. காலில் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு. அந்த வாரமே, நரம்பில் சிக்கிய பறவைகளை மீட்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் ஒரு வீடியோ போட்டார்கள். நமீபியாக் கடற்கரையில் கடல்நாய்க் குட்டி, கழுத்தில் நரம்பு. குட்டி வளரும், நரம்பு வளருமா? தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பேர் ஓடிப்போய் அமுக்கிப் பிடித்து நரம்பை வெட்டிவிட்டார்கள். "நம்ம ஊர்ல கடல்நாய்க்கு எங்க போறது?" என்று பின்வரிசையில் சிரிப்பு. "வெட்டுறது ஒரு நிமிஷ வேலை, பிடிக்கக் கத்துக்கங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர்.

பிடிக்கப் பழகியது நாட்டுக்கோழியில். தலைமேல் துண்டைப் போட்டதும் அடங்கிவிட்டது. பயத்தில் நான்தான் அதன் நெஞ்சை இறுக்கிவிட்டேன், கையைத் தட்டிவிட்டார். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கென்று இருக்கும் தசை, அதாவது உதரவிதானம், பறவைக்குக் கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. கொக்கு, நாரை என்றால் கண்ணைக் கொத்தும், கண்ணாடி போடாமல் கிட்டே போகக் கூடாது. நீர்க்காகத்தின் கதை வேறு. கடிக்கிறதே என்று அலகைக் கட்டினால் செத்துவிடும். வளர்ந்த நீர்க்காகத்துக்கு மூக்குத் துளை அடைபட்டிருக்கும், வாயால்தான் மூச்சு.

என் முதல் பறவையே நீர்க்காகம்தான். பரிசல்கார அண்ணன் போன் செய்தார். 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் இருக்கிறதே, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். இறக்கையில் மூன்று சுற்று, நரம்பின் முனை வாய்க்குள். இறக்கையில் இருந்ததைத் துண்டு துண்டாக வெட்டினேன். அதற்குள் என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது, கொக்கி மாதிரி அலகு. வாயில் தொங்கிய நரம்பை இழுக்கக் கை துறுதுறுத்தது. தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்கிற இழுப்பில் உள்ளே கிழிந்துவிடும். ஒரு சாண் விட்டு வெட்டி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயாரானோம்.

அண்ணன் கீழே சிந்திய நரம்பையெல்லாம் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். பதினோரு துண்டு.

"இது என்னுது இல்ல தம்பி, நான் வலை மட்டுந்தான்" என்றார். நான் கேட்கவே இல்லை.